சுவரில் வழிந்த சிவப்பு

"என்னங்க...! ஓடி வாங்க! சுவத்துல ரத்தம்!"

காலை ஏழரை மணி. பாதிச் சவரத்தில் இருந்த கான்ட்ராக்டர், கன்னத்து நுரையோடு கூடத்துக்கு ஓடி வந்தார்.

மனைவி சோபா மேல் ஏறி நின்றிருந்தாள். பாம்பைக்கூடத் துடைப்பத்தால் தள்ளிவிடும் துணிச்சல்காரி அவள்!

வெள்ளைப் பெயிண்ட்டுக்கு அடியிலிருந்து ஒரு சிவப்புக் கசிவு... இரண்டு... ஏழு! மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

கான்ட்ராக்டர் ஒரு கசிவை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஒரு வாரமா மழை விடலயே... துருவா இருக்கும்."

"துருவா? இது வெறும் செங்கல் சுவர், உள்ள ஒரு கம்பிகூடக் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? கம்பி இல்லாம துரு எங்கேயிருந்து வரும்?"

கட்டியவர் அவர்தானே!

ஈரத்துணியால் துடைத்தார். ஒரு மணி நேரத்தில் மீண்டும் வந்தது. பெயிண்ட் அடித்தார். மறுநாள் மதியம் மீண்டும் வந்தது... இந்த முறை சுவரும் உப்பி, வெடிப்பு விட்டிருந்தது.

அவன்தான்!

நினைத்ததுமே அவர் ஓடிப்போய் வாசல் கதவைத் தாழிட்டார்.

சுரங்கத்தில் தாதுவைப் பிரித்த பிறகு மிஞ்சும் கழிவுத் தூள் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். மணலுக்குப் பதிலாக அதைச் சிமெண்டோடு கலந்தால் பூச்சுக் கலவை தயார். ஆற்றைச் சுரண்ட வேண்டாம். அதைத்தான் கான்ட்ராக்டர் ஊருக்கு விற்கத் தொடங்கியிருந்தார். நல்ல யோசனைதான்! முதல் இரண்டு குவியல்களும் சோதனையில் தேறிவிட்டன. மூன்றாவதற்குத்தான் சோதனைக்கூடத்து கெமிஸ்ட், 'பயன்படுத்தக் கூடாது' என்று எழுதிவிட்டான்.

"மாத்தி எழுதிக் கொடுப்பா."

"கலவை கேக்காது சார். உங்களுக்காக நான் மாத்தினாலும் அது மாறாது."

மறுநாளிலிருந்து அவனைக் காணவில்லை. ஊருக்கு அவன் காணாமல் போனவன். கான்ட்ராக்டருக்கு மட்டும்தான் தெரியும், அவன் செத்துப்போனவன் என்று.

'நானே குடியிருக்கேன், உங்களுக்கு என்னய்யா பயம்?' என்று ஊர் வாயை அடைக்க, மூன்றாவது குவியலை முதலில் தன் சொந்த வீட்டில்தான் பூசினார்.

மூன்றாம் நாள் காலை அழைப்பு மணி அலறியது.

வாசலில் இன்ஸ்பெக்டர்!

"யாரைக் கேட்டுடி போன் பண்ணே?"

"என்னால இந்தச் சுவத்தோட குடித்தனம் பண்ண முடியாதுங்க!"

இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் ஒரு பெண். கெமிஸ்ட்டின் தங்கை. அதே சோதனைக்கூடத்தில்தான் வேலை; கசிவைச் சோதிக்க இன்ஸ்பெக்டர்தான் அழைத்து வந்திருந்தார். 'அண்ணனைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க' என்று எட்டு மாதமாக ஸ்டேஷன் வாசலைத் தேய்த்துக்கொண்டிருப்பவள்.

அவள் சுவரைச் சுரண்டினாள். துளியூண்டு பொடியைக் கண்ணாடிக் குழாயில் போட்டு ஏதோ ஊற்றினாள். உற்றுப் பார்த்தாள்.

கான்ட்ராக்டர் அவள் வாயையே பார்த்தார். இன்னும் ஒரு வார்த்தை... அவர் கழுத்து தப்புமா, தப்பாதா?

"என்னம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரத்தம்தான் சார்."

"நிச்சயமா?"

"எங்க அண்ணன் ரத்தம்."

"அப்போ சுவத்தை உடைச்சுட வேண்டியதுதான். ஆளை வரச் சொல்றேன்."

கான்ட்ராக்டர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அலறலாக மாறியது.

"பொய்! அவன் இங்க இல்ல! சுரங்கத்துல லாரி எடை போடுற பழைய எடைமேடைக்கு அடியில, பத்தடி ஆழத்துல கிடக்கிறான்! நானே கான்கிரீட் போட்டு மூடினேன்! அங்கேயிருந்து இங்க எப்படி வருவான்...? எப்படிடா வந்தே...!"

அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எட்டு மாத நம்பிக்கை ஒரே நொடியில் செத்துப்போயிருந்தது.

"எங்கேயோ உயிரோட இருப்பான்னு நினைச்சேனே..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொய்தான் சொன்னேன் சார். இது ரத்தம் இல்ல. துரு."

"கம்பியே இல்லையாமே?"

"கம்பி வேணாம் சார். மூணாவது குவியல் முழுக்க இரும்பும் கந்தகமும் கலந்த தூள். ஈரமும் காத்தும் பட்டா கலவைக்குள்ளயே துருப்பிடிச்சு, உப்பி, சிவப்பா வழியும். அண்ணன் ரிப்போர்ட்ல ரெண்டாம் பக்கத்துலயே எழுதியிருக்கான். நகல் என்கிட்ட இருக்கு."

"ரெண்டாம் பக்கமா...?" கான்ட்ராக்டரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

சோதனை ரிப்போர்ட் கைக்கு வந்தால் கான்ட்ராக்டர்கள் பார்ப்பது ஒரே ஒரு வரி. கடைசி வரி. தேறியதா, தேறவில்லையா? அந்த ஒரு வரிக்காக ஒரு மனிதனையே கொன்றவருக்கு, மற்ற பக்கங்களைப் புரட்ட நேரம் கிடைக்கவில்லை.

மதியம் எடைமேடையைத் தோண்டினார்கள். அவர் சொன்ன இடத்தில், சொன்ன ஆழத்தில் கெமிஸ்ட் கிடந்தான். தங்கை அவன் கைக்கடிகாரத்தை அடையாளம் காட்டினாள்.

மாலை, ஸ்டேஷன். வாக்குமூலத்தின் நான்கு பக்கங்களையும் இன்ஸ்பெக்டர் மேஜை மேல் நகர்த்தினார். கான்ட்ராக்டர் நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பேனாவை வைத்தார்.

இன்ஸ்பெக்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவசரப்படாதீங்க சார். இதையாவது மொதல்லேர்ந்து படிங்க... கொலைகாரன் யாருங்கறது இதுல முதல் வரியிலயே இருக்கு!"