அனுவுக்கு ஓர் ஊசி... அம்மாவுக்கு ஓர் ஊசி!

"ஆ...ஆ...!"

சிங்கப்பூர், பொங்கோல். பன்னிரண்டாம் மாடிப் படிக்கட்டில் இரண்டு பெண்கள் உருண்டார்கள்.

முதலில் அனுப்ரியா. அவள் மோதிய வேகத்தில், கீழ்ப்படியில் நின்றிருந்த மாமியார் நாகம்மா.

இரண்டு தலைகளும் சுவரில் மோதின. ரத்தம்!

மேலே நின்றிருந்தான் வெங்கட். கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு அதிகாரி. அவன் போட்ட பொய்க் கையெழுத்தால் சாரம் சரிந்து இரண்டு தொழிலாளர்கள் செத்திருந்தார்கள். "போலீஸ்ல சொல்லப் போறேன்!" என்று ஆதார ஃபைலோடு கிளம்பிய மனைவியைத் தள்ளினான். பெற்ற தாய் கீழே நிற்பாள் என்று நினைக்கவில்லை, பாவி.

"அம்மா...!"

மனைவியைத் தாண்டிக் குதித்து அம்மாவைத் தூக்கினான்.

போலீஸிடம், "தரை ஈரம் சார். வழுக்கிட்டாங்க" என்றான்.

இருவரும் பிழைத்தார்கள். ஞாபகம்தான் பிழைக்கவில்லை.

டாக்டர் முனீரா விளக்கினார்.

"ரத்தத்துல ஃபைப்ரினோஜன்னு ஒரு புரதம் இருக்கு, மிஸ்டர் வெங்கட். கையில வெட்டுப்பட்டா ரத்தத்தை உறைய வைக்க உதவும். நல்லதுதான். ஆனா மூளைக்குள்ள கசிஞ்சா ஆபத்து லா! அங்க இருக்கிற காவல் செல்களுக்கு வெறி பிடிச்சிடும். பக்கத்து நரம்பையெல்லாம் அதுங்களே அழிக்கும். வீக்கம் வரும். ஞாபகம் போகும்."

"மருந்து இல்லையா டாக்டர்?"

"அந்தப் புரதத்தைத் தடுக்கிற ஊசி ஒண்ணு ட்ரையல்ல இருக்கு. தினம் ஒண்ணு. வீட்லயே நீங்க போடலாம். ஆனா சில பேருக்கு அசல் மருந்து, சில பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும்."

ஃப்ரிட்ஜில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் அனுப்ரியா பெயர். மற்றதில் நாகம்மா.

பத்தாம் நாள் காலை. அனுப்ரியா காபியைக் கீழே வைத்தாள்.

"வெங்கட்... அன்னிக்கு நான் எங்கயோ கிளம்பினேன்ல? கையில ஒரு ஃபைல்..."

அவன் அவசரமாக எழுந்தான்.

"கனவு கண்டிருப்பே. போய்ப் படு."

அம்மாவிடமோ ஒரே ஒரு கேள்விதான் மிச்சம். "வெங்கட்டு, சாப்டியா?" ஒரு நாளைக்கு நாற்பது தடவை!

யோசித்தான். அனுவுக்கு ஞாபகம் திரும்புகிறது. அப்படியானால் அவளுக்குத்தான் அசல் மருந்து. அம்மாவுக்கு உப்புத்தண்ணீர்!

மாற்றிப் போட்டால்...?

மனைவியின் வாய் மூடும். அம்மா தேறுவாள். என்ன பாசம் பாருங்கள், அயோக்கியனுக்கு!

அன்றே மாற்றினான். அம்மாவின் ஊசி அனுவுக்கு. அனுவின் ஊசி அம்மாவுக்கு.

மூன்று வாரம் போனது. பரிசோதனைக்காக இருவரையும் மருத்துவமனையில் விட்டுவிட்டு, தேக்கா மார்க்கெட்டில் அம்மாவுக்கு மீன் வாங்கிக்கொண்டிருந்தான்.

போன் அலறியது.

"முனீரா பேசறேன். உங்க அம்மா நிலைமை மோசம். யாருக்கு எந்த மருந்துங்கிற ரகசியப் பட்டியலைத் திறந்துட்டோம். உடனே வாங்க!"

ஓடினான்.

அறையில் முனீராவுடன் சீருடையில்லாமல் ஒரு பெண். "இன்ஸ்பெக்டர் சாமுண்டீஸ்வரி" என்றாள்.

முனீரா அவனை முறைத்தார். "உங்க அம்மாவுக்குத்தான் அசல் மருந்து. வயசானவங்களுக்கு மெதுவாதான் கேக்கும். விடாம போட்டிருந்தா தேற வாய்ப்பு இருந்துச்சு. ஆனா இப்போ அவங்க ரத்தத்துல மருந்தே இல்ல!"

"அ... அனுவுக்கு?"

"நாங்க குடுத்தது உப்புத்தண்ணி. ஆரம்பத்துல வந்த ஞாபகம், மூளை தானா ஆறினதால. ஆனா இப்போ அவங்க ரத்தம் பூரா மருந்து. மிச்சத்தை வர வச்சது நீங்க போட்ட ஊசி!"

திரை விலகியது. அனுப்ரியா!

"முதுகுல ரெண்டு கை, வெங்கட். உங்க மோதிரம் உறுத்தினதுகூட ஞாபகம் இருக்கு. அந்த ஃபைலோட நகலை எங்க வச்சேங்கிறதும்!"

வெங்கட், அம்மா உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியின் காலடியில் விழுந்தான்.

"அம்மா... நான் வெங்கட்மா!"

நாகம்மா மிரண்டு கையை இழுத்துக்கொண்டாள்.

"யாருப்பா நீ? தொடாத! எம் மவன் வந்தா ஒன்னை அடிப்பான்!"

அவன் உடைந்து அழுதான். கையில் விலங்கு ஏறியது.

"அழாதீங்க வெங்கட்" என்றாள் சாமுண்டீஸ்வரி. "அம்மா மறந்தா என்ன...? ஜென்மத்துக்கும் உங்களை மறக்காத பொண்டாட்டி இருக்காங்க லா!"