திரும்பாத டோக்கன்

ஊற்றிய தண்ணீர் இறங்கவில்லை. உமேஷ் இரண்டாவது வாளியையும் ஊற்றினான். கக்கூஸ் பேசினில் தண்ணீர் விளிம்புவரை ஏறி, பினாயிலும் அழுகலும் கலந்த வாடையோடு மெல்ல ஆடி அடங்கியது. பிறகு அடியிலிருந்து மூன்று குமிழிகள், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் மேலே வந்து உடைந்தன. சரியாக மூன்று.

"இன்னாங்க, சரியாச்சா?" சமையல்கட்டிலிருந்து அவன் மனைவி பவ்யா கத்தினாள். "நாளைக்குக் கருமாதி. வேலூர்லருந்து அம்மாம் ஜனம் வருது, மானம் போயிடும். ஆளைக் கூப்பிடுங்க."

"வேணா, வேணா. நானே பாத்துக்கறேன்."

ஆள் வந்தால் அடைப்பு எதனால் என்று தெரிந்துவிடும். அவனுக்குப் பதினைந்து நாளாகத் தெரியும்.

அப்பா துளசிராமன் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். ஷிப்டுக்குக் கீழே இறங்கும்போது ஆளுக்கொரு பித்தளை டோக்கன் கொடுப்பார்கள். ஏறி வந்ததும் அதைப் பலகையில் மாட்டவேண்டும். ஒரு டோக்கன் திரும்பவில்லை என்றால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான். சுரங்கம் மூடிய அன்று அவர் தன் டோக்கனை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டினார். பக்கவாதத்தில் பேச்சு போனபிறகு அதுதான் அவருக்கு வாய். கக்கூஸுக்குப் போகும்போது எடுத்துப்போவார். எழமுடியாவிட்டால் இரும்புக் குழாயில் மூன்று தட்டு. பதிலுக்குச் சுவரில் மூன்று தட்டினால் 'வரேன்' என்று அர்த்தம். "பதில் தட்டிட்டா போயே ஆவணும்டா, அதான் சொரங்கத்து நியாயம்" என்பார், பேச்சு இருந்த காலத்தில்.

அப்பா போன அன்று மத்தியானம் மேட்ச். பவ்யா ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். தட்டும் சத்தம் அவன் காதில் விழுந்தது. விழவில்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்வான், தன்னிடம் எப்படிச் செய்வான்? இந்த ஓவர் முடியட்டும் என்று ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டினான். பாவி, கூட்டினான்.

போய்ப் பார்த்தபோது அப்பா சுவரோரம் சரிந்து கிடந்தார். தூக்கிவந்து கட்டிலில் போட்டுப் போர்த்திவிட்டு, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று ஊருக்குச் சொன்னான். மூடிய கைக்குள் டோக்கன். ஆணியில் மாட்டியிருந்தால் ஒருத்தரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள். தினமும் அதைப் பார்க்கவேண்டுமே என்ற பயத்தில் பேசினில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். பவ்யா அதைத் தேடியபோது இவனும் கூடச் சேர்ந்து தேடினான்.

ரப்பர் பம்பை வைத்து அழுத்தினான். சளக், சளக். அசையவில்லை. மூங்கில் பட்டையை உள்ளே விட்டான். வளைவில் எதிலோ இடித்தது. மெத்தென்று. பித்தளை மெத்தென்று இருக்காதே.

டங்.

குழாய்க்குள்.

டங். டங்.

"பவ்யா, நீயா தட்டுன?"

"நான் இங்க தேங்கா துருவினு இருக்கேன். வேற வேலை இல்ல எனக்கு!"

மறுபடி மூன்று. இந்தமுறை இடைவெளி நீளம். கை சோர்ந்துபோனவர் தட்டும் மூன்று. ஹெட்போனுக்கு அடியில் கடைசியாகக் கேட்டதும் இதுவேதான். உமேஷ் பேசின்மேல் குனிந்தான்.

"கேட்டுச்சுப்பா. கேட்டும் வரலப்பா. மன்னிச்சிடுப்பா."

டங். டங். டங்.

தாங்க முடியவில்லை. விரலை மடக்கி ஈரச்சுவரில் தட்டினான். ஒன்று. இரண்டு. மூன்று.

சத்தம் நின்றது. தண்ணீர் கடகடவென்று இறங்கியது. அப்பாடா! டோக்கனை எடுத்துக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டால் போதும். கையில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு மண்டியிட்டு, முழங்கைவரை விட்டான். வளைவில் சில்லென்று பித்தளை. இழுத்தான். வரவில்லை.

மறுபக்கம் வேறொரு கை பிடித்திருந்தது.

விட்டுவிட்டான். அந்தக் கை விடவில்லை. டோக்கனை அவன் உள்ளங்கையில் வைத்தது. ஷிப்டுக்கு இறங்குகிறவனிடம் கொடுப்பதுபோல. அவன் விரல்களை ஒவ்வொன்றாக மூடியது. பிறகு இழுத்தது.

முழங்கை. தோள். கன்னம் பேசினில் அழுந்தியது. கத்த வாய் திறந்தான். குரல் வரவில்லை.

"இன்னாங்க, தண்ணி இறங்கிச்சா?"

அவன் இடது கை இரும்புக் குழாயைத் தேடிப் பிடித்துத் தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

சமையல்கட்டில் பவ்யா மிக்ஸியைப் போட்டாள்.