உருண்டையின் நாலு அடி

உருண்டை நடந்துவிட்டான். சரியாக நாலு அடி.

உருண்டை என்பது வாயாடியின் தம்பி. வயது ஒன்று. அவனுக்கு வேறு பெயரும் உண்டு. ஆனால், அவனை ஒரு தடவை தூக்கிப் பார்த்தவர்கள் அந்தப் பெயரை மறந்துவிடுவார்கள். வாயாடிக்குப் பத்து வயது. அவளுக்கு ஏன் அந்தப் பெயர் என்று போகப்போகத் தெரியும்.

உருண்டை நடந்ததை அப்பா புத்தம்புதுக் கேமராவில் பிடித்துவிட்டார். அது முந்தாநாள். அன்றோடு சரி. அதன்பிறகு உருண்டை ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்தே இருக்கிறான்.

அம்மா கப்பலில் இன்ஜினியர். இன்று நான்கு மணிக்குக் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும். அம்மா இறங்கி வந்து மின்னஞ்சல் பார்ப்பார். ஐந்து மணிக்குக் கிளம்பினால் அப்புறம் ஒரு மாதம் கடல்தான்.

"பிள்ளையோட முதல் நடைய நான் பார்க்காமலே போயிடுவேனோ?" என்று போன தடவை போனில் கேட்டபோது அம்மாவின் குரல் உடைந்துவிட்டது.

மணி மூன்று. அப்பா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். அனுப்பும் அளவுக்குப் படத்தை வெட்டிச் சுருக்க வேண்டும். பத்து வருடமாக அவருக்குக் கைகொடுத்த எடிட்டிங் மென்பொருள் இன்று கையை விரித்துவிட்டது. 'இந்த வகைக் கோப்பைத் திறக்க இயலாது.'

"என்னப்பா சொல்லுது?"

"புதுக் கேமரா புது மாதிரி பதிவு பண்ணுதாம். இந்தக் கிழத்துக்கு அது புரியாதாம்."

அப்பா ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். கோப்புப் பெயரின் கடைசி மூன்று எழுத்துகளை அழித்தார். பழைய கேமராவின் கோப்புகளில் இருக்கும் மூன்று எழுத்துகளை அங்கே போட்டார்.

"இப்ப பாரு வேடிக்கைய!"

மென்பொருள் ஏமாறவில்லை.

"சட்டைய மாத்தினா ஆள் மாறிடுமாப்பா?"

"உனக்கு வாய் மட்டும் இல்லன்னா நாய் தூக்கிட்டுப் போயிடும்!"

புதிய மென்பொருளை இறக்கப் பார்த்தார். இன்னும் ஆறு மணி நேரம் ஆகும் என்றது கணினி. பழைய கேமராவை எடுத்துக்கொண்டு உருண்டையிடம் போனார்.

"ராஜா, நாலே நாலு அடி. என் கண்ணுல்ல!"

உருண்டை அப்பாவின் செருப்பை எடுத்துக் கடித்தான்.

அப்பா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "உங்க அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?"

இப்போது கேலி பேச வாயாடிக்கு மனம் வரவில்லை. அப்பாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்பா, பழைய கேமராவுல எடுத்தா இந்தக் கணினிக்குப் புரியுமா?"

"புரியும்."

"புதுக் கேமராவ டிவியில மாட்டினா படம் ஓடுமா?"

"ஓடும். ஒயர் இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

"டிவியில ஓடட்டும். அத பழைய கேமராவால எடுத்துடலாம்!"

அப்பா துள்ளி எழுந்தார். பிறகு ஒயரைத் தேடி ஓடினார்.

டிவியில் வெளிச்சம் அடிக்காதபடி ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். வாயாடி பழைய கேமராவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பா படத்தை ஓடவிட்டார். டிவியில் ஒரு குண்டுப் பையன் எழுந்து நின்றான்.

கீழே உட்கார்ந்திருந்த உருண்டை நிமிர்ந்து பார்த்தான். யார் இந்தப் பயல்? செருப்பைப் போட்டான். தரையில் கை ஊன்றி எழுந்தான்.

"அப்பா... அங்க பாருங்க!"

"உஷ்! கேமராவ ஆட்டாத!"

டிவியில் இருந்தவன் இந்தப் பக்கம் நடந்து வந்தான். கேமராவுக்கு முன்னால் உருண்டை அந்தப் பக்கம் நடந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு! போய் டிவியைப் பட்டென்று ஓர் அடி அடித்தான். அப்பா கைதட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மென்பொருள் மறுபேச்சுப் பேசாமல் படத்தைத் திறந்தது. நான்கு இருபதுக்கு அப்பா அனுப்பிவிட்டார். வாயாடி போன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நான்கு நாற்பதுக்கு மணி அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

மறுமுனையில் அம்மா. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

"ஏய் வாயாடி," என்றார் கடைசியில். "நான் கப்பல் ஏறும்போது வீட்டுல ஒரு உருண்டைதானேடி இருந்துச்சு? இப்ப ரெண்டு நடக்குதே!"