மஞ்சள் பட்டை

டிரைவிங் ஸ்கூல் முதலாளி தன் மேசை மீதே மண்டை பிளந்து கிடந்தார். கீபோர்டு முழுக்க ரத்தம். காலடியில் கார் ஜாக்கியின் இரும்புக் கம்பி. பின்வாசல் கதவு திறந்து கிடந்தது. ஒரே அடியில் போயிருப்பார். ஆனால் அடித்த பாழாய்ப்போன கை அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை.

மாலை ஆறரை. பெண் இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தபோது, முதலாளியின் மனைவி ஒரு பெண்ணின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தாள்.

"இவதான் மேடம்! என் குடியக் கெடுத்தவ!"

அடி வாங்கியவள் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவள். அவள் சட்டையெல்லாம் ரத்தம்.

"சாரைத் தூக்கிப் பார்த்தேன் மேடம், அதான் ரத்தம். மதியம் இங்க இருக்கிற எல்லா கம்ப்யூட்டர்லயும் பழைய ஆபீஸ் சாஃப்ட்வேரை எடுத்துட்டு, இலவசமா கிடைக்கிறதப் போட்டேன். சார்தான் கேட்டாரு. அப்புறம் போன் பண்ணி, அட்டவணைல கட்டமெல்லாம் கோணிப்போச்சுன்னு கத்துனாரு. நானும் கத்துனேன். சரி பண்ணலாம்னு வந்தா இப்படி..."

காவலர் விலங்கை எடுத்தார்.

மேனேஜர் முன்னால் வந்தான். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. "அக்காவுக்கு நீதி கிடைக்கணும் மேடம்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"முன் ரூம்ல, என் மேசைல. மத்தவங்கெல்லாம் வண்டியோட வெளிய. நாளைக்கு யாருக்கு எந்த வண்டின்னு சாயங்காலம் பூரா டைப் பண்ணிட்டிருந்தேன். இவ வந்தா, உள்ள போனா, கதவச் சாத்துனா."

"அலறல் கேக்கலையா?"

"எங்க மேடம்! காசு கட்டச் சொல்லி திரைல மேல ஒரு மஞ்சப் பட்டை வந்து வந்து உசுர வாங்குது. அத மூடுறதா, இதக் கேக்கறதா?"

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"வாங்க தம்பி, அந்தப் பட்டைய எனக்கும் காட்டுங்க."

அவன் கம்ப்யூட்டரைப் போட்டான். திரையில் அவன் முன்பின் பார்க்காத சாஃப்ட்வேர் படங்கள். ஒன்றைத் திறந்தான், மூடினான். இன்னொன்றைத் திறந்தான். பட்டையைக் காணோம். கழுத்தில் வியர்வை வழிந்தது.

"அது பழைய சாஃப்ட்வேரோட மதியமே போயிடுச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "நேத்துவரைக்கும் பட்ட எரிச்சலை இன்னைக்கும் பட்டதா அளந்துட்டீங்க. இன்னைக்கு சாயங்காலம் நீங்க இங்க உட்காரவே இல்ல."

"அது காசு கட்டச் சொல்ற பட்டையே இல்ல மேடம்," என்றாள் அந்தப் பெண், நெற்றி ரத்தத்தைத் துடைத்தபடி. "திருட்டுக் காப்பின்னு சொல்ற பட்டை. அந்தக் காப்பிய வாங்கித் தந்தது இவருதான். லைசென்ஸுக்குன்னு சார்கிட்ட வருஷா வருஷம் காசு வாங்கியிருக்காரு. மதியமே சார்கிட்ட சொல்லிட்டேன்."

"அவரும் உன்னக் கூப்பிட்டுக் கேட்டாரு. நீ பின்வாசல் வழியா வந்த, கம்பியோட," என்றார் இன்ஸ்பெக்டர், மேனேஜரிடம்.

அவன் அக்காவைப் பார்த்தான். "வேலைய விட்டுப் போடான்னாருக்கா..."

அக்காவின் விரல்களில் அந்தப் பெண்ணின் முடி இன்னும் சுற்றியிருந்தது. அதே கையால் தம்பியை அறைந்தாள். அறைந்துகொண்டே இருந்தாள். யாரும் தடுக்கவில்லை.

"ஊர் சுத்திட்டிருந்தவனுக்கு மேசை போட்டுக் குடுத்தாரேடா! இன்னைக்கு ஒரு நாளாவது அதுல உட்கார்ந்திருக்கக் கூடாதாடா?"