சிவப்புத் துணி

பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்த பிறகும் டிக், டிக் என்ற சத்தம் நிற்கவில்லை.

கார் எலெக்ட்ரீஷியன் திறந்த பானெட்டுக்குள் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. இன்ஜினில் கை வைப்பவன் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் ஒர்க்‌ஷாப் வழக்கம். வெளியே பட்டப்பகல். ஒயரில் கரண்ட் கசிந்தால் இருட்டில்தான் நீலமாகத் தெரியும் என்பதால் ஷட்டரைக் கையகல இடைவெளி விட்டு இறக்கி, விளக்கை அணைத்து, சைலன்சர் புகையைக் குழாய் வழியாகப் பின்ஜன்னலுக்கு வெளியே விட்டிருந்தான். சூடான ரப்பரும் பழைய ஆயிலும் கலந்த வாசனை அசையாமல் நின்றது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வீட்டிலிருந்து ஒர்க்‌ஷாப்புக்கு வரும் கதவில், இன்ஜின் ஓடும்போதெல்லாம் சிவப்புத் துணி தொங்கும். துணி இருந்தால் மனைவி உள்ளே வரக் கூடாது. அவள் நெஞ்சில் இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட் யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் எலெக்ட்ரானிக் மாட்யூல் அந்தக் கரண்ட்டைக் காயில் என்னும் கம்பிச்சுருளுக்குள் விட்டு விட்டு வெட்டுகிறது. வெட்டும் ஒவ்வொரு முறையும் காயில் அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக்கித் துப்புகிறது. அதுதான் ஸ்பார்க் பிளக்கில் பொறியாகிறது. அதன் பக்கம் அவள் நெருங்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

இன்று அவன் துணியை மாட்ட மறந்துவிட்டான்.

துணி இல்லையே என்று சற்றுமுன் டீயோடு வந்தவள், ஓடும் இன்ஜின்மேல் சாய்ந்து டம்ளரை நீட்டினாள். இன்ஜின் தானாக நின்றது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாச்சு?"

"நெஞ்சுக்குள்ள யாரோ சுண்டின மாதிரி இருந்துச்சுங்க. சரியாப் போச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வா."

"ஆமா, டீ குடுக்க வந்தவளை ஆம்புலன்ஸ்ல ஏத்துங்க. முதல்ல அந்தத் துணியை மாட்டுங்க."

அவள் உள்ளே போனதும் மாட்டினான். சாவியை எடுத்தான். பேட்டரியைக் கழற்றினான். அதற்குப் பிறகுதான் இந்தச் சத்தம். காயிலிலிருந்து கிளம்பும் தடித்த ஒயரின் முனையில், நிதானமாக, ஒரே சீராக, சின்ன நீலப் பொறி. மிச்சக் கரண்ட் என்றால் ஒருமுறை வெடித்து அடங்கியிருக்கும். பயம் வந்திருக்க வேண்டும். பல் பிடுங்க ஊசி போட்ட தாடைபோல மனம் மரத்துக் கிடந்தது.

ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் ஒயரைப் பிடுங்கினான். டிக் நின்றது. வீட்டுக்குள் பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அதன் கீழ் கைகள் அசையும் ஓசை மட்டும் இல்லை.

ஒயரைத் திரும்பச் செருகினான். டிக்.

"ஒண்ணுமில்லீங்க," என்று அவள் குரல் கேட்டது. "கை நழுவிருச்சு."

ஒருமுறை நிகழ்ந்ததை அவன் கோளாறு என்று ஒப்புக்கொள்வதில்லை. மறுபடி செய்து பார்ப்பான். இத்தனை வருடப் பழக்கம். அவள் போனில் அக்காவிடம் பேசத் தொடங்கியிருந்தாள். அவன் கை தானாக ஒயருக்குப் போனது.

"வர்றப்போ அந்தப் பச்"

அமைதி. ஷட்டர் இடுக்கில் வெயில். ஈ ஒன்றின் ரீங்காரம்.

செருகினான்.

"சைக் குடையை எடுத்துட்டு வாக்கா."

அவளுக்குத் தெரியவில்லை. நின்றது அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு முறை பிடுங்கியதில் ஒயரின் முனை உடைந்திருந்தது. விட்டால் கழன்றுவிடும். கையால் அழுத்திப் பிடித்தான். வெறும் கையால் தொடவே கூடாத ஒயர். வெடித்த ரப்பர் வழியே பொறி அவன் விரல்களில் பாய்ந்தது. வலிக்கவில்லை. விரல்கள் நீலமாக ஒளிர்ந்து அணைந்தன.

ஷட்டரில் தட்டும் சத்தம். காரின் சொந்தக்காரர், பள்ளிக்கூட வாத்தியார்.

"என்ன டாக்டரே, நோயாளி பிழைச்சுதா?"

"நாளைக்கு வாங்க சார்."

"நல்லா சொன்னீங்க போங்க! பொண்ணு ஸ்டேஷன்ல காத்துக்கிட்டிருக்கா. திக்கித் திணறிப் போனாலும் பரவாயில்ல, எடுத்துட்டுப் போறேன்."

"ஷட்டரைத் தூக்காதீங்க சார்."

குரல் எழவில்லை. உதடுகளும் மரத்திருந்தன.

உள்கதவு திறந்தது. இன்ஜின் ஓடாததால் அவள் துணியைப் பொருட்படுத்தவில்லை. வேறொரு டம்ளரில் டீ. டிக்: கதவருகே அவள். இருட்டு. டிக்: காருக்குப் பக்கத்தில். இடைவெளி நீண்டது. டிக்.

"ஏங்"

இருட்டு.

அழுத்தினான். இன்னும் அழுத்தினான்.

டிக்.

"க, இருட்"

ஷட்டர் கிறீச்சிட்டு மேலேறியது. வெயில் தரையில் ஊர்ந்து, அவள் பாதம் ஏறி, இடுப்பு ஏறி, முகத்துக்கு வந்தது. கண்கள் அவனைப் பார்த்தபடி இருந்தன. வாய் பாதி திறந்திருந்தது. சாய்ந்த டம்ளரிலிருந்து டீ மெல்லிய கோடாக ஒழுகிக்கொண்டே இருந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அவன் ஒயரைப் பிடித்தபடி அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தான்.