மெய்யம்மைக்கல்

காலைச் சங்கு ஊதியதும் ஆழூரில் எல்லோரும் ஈரத் துணியும் கையுமாகக் கிளம்பிவிடுவார்கள். பல் விளக்குகிறார்களோ இல்லையோ, சுவர் துடைத்தாக வேண்டும். பாறையைக் குடைந்து கட்டிய நிலத்தடி நகரம் அது. ஒரே இரவில் சுவரெங்கும் வெண்பொடி பூத்துவிடும். மேலே வெயில் ஆளைப் பொசுக்குகிற காலம். வருடத்தில் மழை பெய்யும் சில நாட்கள் மட்டுமே மேல்வாசல் திறக்கும். சூரியத் தகடுகளைப் பழுதுபார்க்க ஒரு மழையில் மேலே போகிறவர்கள், நிழற்கூண்டில் ஒரு வருடம் தங்கி, கொண்டுபோன உணவு தீர்வதற்குள் அடுத்த மழையில் இறங்கிவிட வேண்டும்.

கனிமவியலாளர் மெய்யம்மை மட்டும் துடைப்பதில்லை. அந்தப் பொடியைக் குடுவையில் போட்டு, வாயால் ஊதி ஊதி வளர்த்தவள் அவள். ஆமாம், ஊதித்தான்! பாறையின் உப்பும் மனித மூச்சின் ஈரமும் சேர்ந்து உண்டான புதுக் கனிமம் அது. ஈரத் துணி பட்டால் பரவும். இடுக்கில் புகுந்தால் இரும்பாக இறுகும்.

நகரக் குழுவிடம் சொன்னாள். அவர்கள் கனிமக் களஞ்சியத்தைக் கேட்டார்கள். உலகில் இருக்கிற, இருக்கக்கூடிய எல்லாக் கற்களையும் கணித்து வைத்திருக்கும் கணினி அது. ‘அப்படியொரு கல் இல்லை. இது சுண்ணாம்பு’ என்றது. தீர்ந்தது கதை! களஞ்சியம் இல்லையென்றால் இல்லைதான். ஆழூரில் அதுதான் சட்டம்.

“களஞ்சியத்த விட நமக்குத் தெரிஞ்சிடுமா டாக்டரம்மா?” என்று சிரித்தார் குழுத் தலைவர் ஆவுடையப்பன்.

“மேல்வாசல் கதவையாவது காஞ்ச துணியால துடைங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

கேட்டால்தானே! அந்தக் கதவைத்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தேய்த்தார்கள், தண்ணீர் சொட்டச் சொட்ட.

இந்த வருடம் மழை வந்தது. கதவு அசையவில்லை. துளைப்பான்கள் மழுங்கிப்போயின. கதவுக்கு அந்தப் பக்கம், போன மழையில் தகடு பழுதுபார்க்கப் போன மெய்யம்மையின் மகள் விசாலியும் அவள் குழுவினரும் நின்றார்கள். வாசல் கூடத்தில் ஊரே திரண்டு அழுதுகொண்டிருந்தபோது ஆவுடையப்பன் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

“களஞ்சியம் ஒத்துக்கிச்சு டாக்டரம்மா. புதுக் கனிமந்தானாம். உங்க பேரையே வெச்சிருக்கு. மெய்யம்மைக்கல்!”

நல்ல மரியாதை!

“கரைக்க வழி சொல்லுங்கம்மா” என்று கைகூப்பினார்.

“காஞ்ச காத்துல தானா உதிரும். ரெண்டு மாசம் இங்க மனுச மூச்சே படக்கூடாது.”

“மழை நாளைக்கே நின்னுடுமே!”

“தெரியும். மொதல்ல எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. அவங்க அழுவுற மூச்சும் இதத்தான் வளக்குது.”

கூடம் காலியானது. அவளும் போயிருக்க வேண்டும்; போகவில்லை. கதவை ஒட்டியிருந்த பேச்சுக்குழாயில் விசாலியின் குரல் கேட்டது.

“அம்மா, இங்க தூறல் விட்டு விட்டுத்தான் பெய்யுது. கதவ எதும்மா புடிச்சிருக்கு? எல்லாரும் கேக்கறாங்க.”

குழாயில் வாய் வைத்தாள். அதன் விளிம்பிலும் வெண்பொடி பூத்திருந்தது. பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் அது கொஞ்சம் வளரும் என்று உலகத்திலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

“மெய்யம்மைக்கல், கண்ணு” என்றாள்.

“உன் பேரா? அப்ப நீ சொன்னத ஒத்துக்கிட்டாங்களா? அய்யோ, சூப்பர்ம்மா!”

விசாலி உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். மெய்யம்மை முந்தானையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

“அம்மா? ஏம்மா பேச மாட்டேங்கற? ஏதாவது பேசும்மா.”