தாழ்ப்பாள் இல்லாத வீடு

கண்ணாடிச் சுவர்களில் மழை வழிந்துகொண்டிருந்த அந்தச் சாயங்காலத்தில், வீட்டுக்குள் எங்கோ தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. இசகானி கையிலிருந்த கரண்டியைத் தட்டில் வைத்தார். அந்த வீட்டில் தாழ்ப்பாளே கிடையாது. வாசலைத் தவிர்த்தால் கதவென்று ஒன்றும் கிடையாது. குளியலறைக்குக்கூடத் திரைதான்.

மரிக்கினா ஆற்றை ஒட்டிய மேட்டில் அந்த வீட்டைக் கட்டியவள் அவர் மனைவி எஸ்தெலா. மணிலாவில் பேர் பெற்ற கட்டடக் கலைஞர். கல்லூரியில் அறவியல் கற்பித்த இசகானிக்கு ஒரு கொள்கை இருந்தது: மறைவிடம் இல்லாத வீட்டில் பொய் வளராது. அதை அவள் கண்ணாடியாலும் மரத்தாலும் எழுப்பிக் காட்டினாள். பார்த்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள்.

மகள் அமிஹான் புகழவில்லை. பதினாறு வயது. நேசித்த பையன் கைவிட்ட நாளில், புயல் மழையில் குடைகூட எடுக்காமல் வெளியே கிளம்பினாள்.

"இந்த மழையில எங்கம்மா போற?"

"கொஞ்ச நேரம் யாரும் பார்க்காம இருக்கணும்பா."

"இங்கேயே உட்கார்ந்து அழேன். நாங்கதானே இருக்கோம்."

வாசலைத் தாண்டி ஆற்றுப் பக்கம் போனாள். ஆறு அவளைத் திருப்பித் தரவில்லை.

இப்போது அந்தச் சத்தம் கேட்டதும் இசகானி எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். "தெலா, கேட்டுச்சா?"

எஸ்தெலா தட்டிலிருந்து நிமிரவில்லை. "போன வாரத்துலேர்ந்தே கேக்குது. சொன்னா நீ போய்ப் பார்ப்ப. அதான் சொல்லல."

அவர் எழுந்து போனார். புளிச்சாற்றின் மணம் பின்னால் தங்கிவிட, ஆற்றுச் சேற்றின் வாடை ஒவ்வோர் அடிக்கும் கனத்துக்கொண்டே வந்தது. மகளின் கட்டில் எப்போதும் கண்ணாடி வழியே தெரியும் இடத்தில், இப்போது ஒரு கருமை நின்றது. நிழல் என்று நினைத்துக் கை வைத்தார். மரம். ஈரம். உடம்பைப் போன்ற சூடு.

கதவு.

உள்ளே யாரோ துணியை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினார்கள்.

"அமி?"

விம்மல் நின்றது. "உள்ள வராதீங்கப்பா. கொஞ்ச நேரம் மட்டும்."

அவர் கதவில் இரு கைகளையும் ஊன்றினார். "திற கண்ணு. ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்கிறேன்." தள்ளினார். தோளால் இடித்தார். இடிக்க இடிக்க உள்ளேயிருந்து வந்த அழுகை, பயந்த குழந்தையின் அழுகையாக மாறியது.

"இப்பவும் உனக்குப் பார்த்தே ஆகணுமா?" பின்னால் எஸ்தெலா நின்றாள்.

"நம்ம பொண்ணு, தெலா!"

"நம்ம பொண்ணு கேட்டது ஒரே ஒரு கதவு. நான் வரைஞ்சேன். நீ வேணாம்ன. அழிச்சது என் கைதான், கானி. உன்னை மட்டும் சொல்லல."

அவரை விலக்கிவிட்டு, விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினாள்.

"அமி, அம்மா மட்டும் வரட்டுமா?"

உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. உள்ளே வெறும் இருட்டு. எஸ்தெலா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

இரண்டு பேர் அழும் சத்தம். ஒருத்தியை ஒருத்தி தேற்றும் முணுமுணுப்பு. பிறகு ஒருத்தியின் மூச்சு மட்டும். பிறகு அதுவும் இல்லை.

"தெலா?"

இசகானி கையை உயர்த்தினார். தன் வீட்டில் முதன்முறையாகக் கதவைத் தட்டினார். காத்திருந்தார். மறுபடி தட்டினார்.

தரையில் படுத்தார். கன்னத்தைத் தரைப் பலகையில் அழுத்தினார். கதவின் அடி இடுக்கு வழியே பார்த்தார்.

தண்ணீர். பழுப்பு நிற ஆற்றுத் தண்ணீர். ஒரு சொட்டும் வெளியே கசியாமல் இடுக்கின் விளிம்பிலேயே நின்றது. அதற்குள் நான்கு பாதங்கள். ஒன்றும் தரையைத் தொடவில்லை. விரல்கள் எல்லாம் அவரை நோக்கியிருந்தன.

அவர் பார்க்கப் பார்க்க, அவை மெல்ல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டன.